கெட்ட ஆசிரியையும் முகமில்லாத வகுப்பும்: 'பேட் டீச்சர்' பற்றிய கருத்துகளின் பின்னணி

'பேட் டீச்சர்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம் 2011 ஜூன் 24 அன்று வெளியானபோது அதைப் பற்றி எழுந்த கருத்துகள் ஒன்றோடொன்று சற்றும் ஒட்டாதவையாக இருந்தன. ஜேக் காஸ்டன் இயக்கி, கேமரூன் டயஸ் நடித்த அந்தப் படத்தை ஆசிரியர் தொழிலுக்கு இழைக்கப்பட்ட அவமானம் என்றனர் சிலர். அதுவரை ஆண் நடிகர்களுக்கே வாய்த்துவந்த கட்டுப்பாடற்ற நகைச்சுவையை ஒரு பெண் தன் கையில் எடுத்துக்கொண்ட படம் என்று வேறு சிலர் வரவேற்றனர். ஒரு கெட்டவளைக் காட்டுவதாக வாக்களித்துவிட்டுப் பாதி வழியில் துணிவிழந்துவிட்ட படம் என்று குறைப்பட்டுக்கொண்டவர்களும் உண்டு. விமர்சகர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் படத்தை ஏற்கவில்லை. ஆனாலும் சுமார் 2 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் உலகெங்கும் 21 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இந்தக் கருத்துகள் ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால், அவை பெரும்பாலும் ஆசிரியையின் நடத்தையைச் சுற்றியே நின்றுவிட்டன. தவறாக நடக்கும் ஓர் ஆசிரியரைப் பற்றிய நகைச்சுவை எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்பதை, அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அந்தப் படம் எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அப்படி அளந்தால், படத்தைத் திட்டியவர்கள் சொன்ன காரணங்களும் புகழ்ந்தவர்கள் சொன்ன காரணங்களும் வேறு வரிசையில் வந்து நிற்கின்றன.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலிசபெத் ஹால்சி இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஜான் ஆடம்ஸ் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். பணக்கார வருங்காலக் கணவனை நம்பி வேலையை விட்டுவிடுகிறாள். தன் பணத்துக்காகவே அவள் வந்திருக்கிறாள் என்று புரிந்ததும் அவன் உறவை முறித்துக்கொள்ள, வேறு வழியின்றிப் பள்ளிக்குத் திரும்புகிறாள். அங்கே கைக்கடிகாரத் தொழிலில் செழித்த குடும்பத்தைச் சேர்ந்த ஸ்காட் என்ற மாற்று ஆசிரியர் வந்து சேர்கிறார். அவரைக் கவர வேண்டுமானால் மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டாக வேண்டும் என்று எலிசபெத் முடிவு செய்கிறாள். அதற்கான பணத்தைத் திரட்டுவதுதான் மீதிக் கதை. பெற்றோர்களிடம் கல்விப் பொருள்களின் பெயரைச் சொல்லிப் பணம் பறிப்பது, மாணவர்களின் கார் கழுவும் நிதி திரட்டலில் கை வைப்பது, இறுதியில் மாநிலத் தேர்வின் வினாத்தாளையே திருடுவது என்று அவளுடைய குற்றங்கள் படிப்படியாக ஏறுகின்றன. இடையிடையே மதுவும் கஞ்சாவும் உண்டு.

படம் வெளிவந்த கோடைக்காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தணிக்கை முறையில் ஆர் என்ற தரக்குறியீடு பெறும் படத்துக்குப் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் அல்லது பொறுப்பான பெரியவர் துணையின்றிப் போக முடியாது. 2011 கோடையில் அந்தத் தரக்குறியீட்டோடு வந்த நகைச்சுவைப் படங்கள் திரையரங்குகளை நிறைத்தன: மே மாதத்தில் 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்', 'தி ஹேங்ஓவர்' படத்தின் இரண்டாம் பாகம், ஜூலையில் 'ஹாரிபிள் பாசஸ்'. பச்சையான பேச்சும் உடல் சார்ந்த கேலியும் நல்ல வியாபாரம் என்று ஸ்டுடியோக்கள் உறுதியாக நம்பிய காலம் அது. 'பேட் டீச்சர்' முதல் வார இறுதியில் குழந்தைகளுக்கான 'கார்ஸ் 2' படத்துக்கு அடுத்த இடத்தைப் பிடித்து, 3 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அந்தப் படத்தில் ஏழாம் வகுப்பு மாணவர்களாக நடித்த பிள்ளைகள் தாங்கள் நடித்த படத்தைப் பெரியவர் துணையின்றிப் போய்ப் பார்த்திருக்க முடியாது.

முதல் வகைக் கருத்து, அதாவது ஆசிரியர்களுக்கு அவமானம் என்ற கருத்து, வெறும் முகச்சுளிப்பு அல்ல. அந்த ஆண்டு அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அரசியலின் நடுவில் இழுத்து நிறுத்தப்பட்டிருந்தார்கள். 2011 மார்ச்சில் விஸ்கான்சின் மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கர் கையெழுத்திட்ட சட்டம், ஆசிரியர்கள் உள்ளிட்ட பெரும்பாலான அரசுப் பணியாளர்களின் கூட்டுப் பேர உரிமையை, அதாவது சங்கமாகச் சேர்ந்து ஊதியம் முதலியவற்றைப் பேசி முடிவுசெய்யும் உரிமையை, பெருமளவு குறைத்தது. அதை எதிர்த்து மேடிசன் நகரின் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வாரக்கணக்கில் போராட்டம் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், திறமையற்ற ஆசிரியர்களை வேலையைவிட்டு நீக்க முடியாதபடி சங்கங்கள் காப்பாற்றுகின்றன என்ற வாதத்தை முன்வைத்த ஆவணப்படமான 'வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன்' பரவலாகப் பேசப்பட்டிருந்தது. சோம்பேறி ஆசிரியர், நீக்க முடியாத ஆசிரியர், வரிப்பணத்தில் காலம் ஓட்டும் ஆசிரியர் என்ற உருவம் தொலைக்காட்சி விவாதங்களில் ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தபோது, அதே உருவம் கறுப்புக் கண்ணாடி அணிந்து திரையில் வந்து நின்றது. வகுப்பறையில் நேர்மையாக உழைத்துவிட்டு மாலையில் செய்தியில் தன்னைப் பற்றிய வசையைக் கேட்ட ஒருவருக்கு இந்தப் படம் வேடிக்கையாகத் தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

ஆனால், படத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால், அது ஆசிரியர் தொழிலைத் தாக்குவதை நோக்கமாகக் கொண்டதல்ல என்பது தெரியும். அது குறிவைப்பது தியாகி ஆசிரியர்களைப் பற்றிய திரைப்படங்களை. எலிசபெத் ஆண்டின் தொடக்கத்தில் பாடம் நடத்துவதே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கிவிட்டு மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிறாள். அவள் போடும் படங்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. முதலில் 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்'. பின்னர் 'லீன் ஆன் மீ', 'டேஞ்சரஸ் மைண்ட்ஸ்'. மூன்றும் 1988 முதல் 1995 வரை வந்தவை. மூன்றும் உண்மையான கல்வியாளர்களின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டவை. மூன்றிலும் ஏழைப் பிள்ளைகளைத் தனி மனித வைராக்கியத்தால் கரையேற்றும் ஒருவர் உண்டு. பள்ளிப் படங்கள் தீர்ந்ததும் 'ஸ்க்ரீம்' என்ற திகில் படத்தைப் போட்டு, அதிலும் பள்ளி வருகிறது என்ற அளவில் விட்டுவிடுகிறாள். திரையில் ஓர் ஆசிரியர் உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்க, அதே அறையில் ஓர் ஆசிரியை குறட்டை விடுகிறாள். படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை இதுதான் என்பேன். இதற்கு வசனமே தேவைப்படவில்லை.

இந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்ததில், படக்குழுவினர் எண்ணியிருந்தார்களோ இல்லையோ, இன்னொரு ஆழமும் இருக்கிறது. 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' ஹைமே எஸ்கலான்டே என்ற கணித ஆசிரியரின் கதை. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயிற்றுவித்த மாணவர்கள் 1982-இல் கல்லூரித் தரத்திலான நுண்கணிதத் தேர்வை எழுதினார்கள். விடைகள் ஒன்றுபோல் இருப்பதாகக் கூறி, தேர்வை நடத்திய நிறுவனம் 14 பேர் மீது சந்தேகம் எழுப்பியது. அவர்களில் 12 பேர் மறுதேர்வு எழுதினர்; 12 பேரும் தேர்ச்சி பெற்றனர். அதாவது, காப்பியடித்ததாகப் பழி சுமத்தப்பட்ட பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரியர் நின்ற கதையைத் தன் வகுப்புக்குப் போட்டுக் காட்டும் எலிசபெத், சில மாதங்களில் தானே வினாத்தாளைத் திருடுகிறாள். தியாகி ஆசிரியரின் கதைக்கும் திருட்டு ஆசிரியையின் கதைக்கும் நடுவே பொதுவாக இருப்பது ஒன்றுதான்: ஒரு தேர்வு மதிப்பெண் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் பள்ளி முறை.

இங்கேதான் படம் தன் கையில் இருப்பதன் மதிப்பை அறியாமல் கடந்துபோகிறது. மாநிலத் தேர்வில் மிக அதிக மதிப்பெண் பெறும் வகுப்பின் ஆசிரியருக்கு 5,700 டாலர் ஊக்கத்தொகை என்று தெரிந்த நிமிடத்தில் எலிசபெத் விழித்துக்கொள்கிறாள். தூங்கிக்கொண்டிருந்தவள் ஒரே இரவில் கொடுங்கோல் ஆசிரியை ஆகிறாள். தொலைக்காட்சிப் பெட்டி போய்ப் புத்தகம் வருகிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் மாணவர்களை நிறுத்தி ஹார்ப்பர் லீயின் நாவலிலிருந்து கேள்வி கேட்டு, தவறான விடை சொல்பவர்கள் மீது பந்தை வீசி அடிக்கிறாள். இது கோமாளித்தனமாகத் தெரிந்தாலும், அக்கால அமெரிக்கக் கல்விக் கொள்கையின் தர்க்கத்தை அப்படியே நடித்துக் காட்டுகிறது. 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலத் தேர்வு நடத்துவதைக் கட்டாயமாக்கியது. முன்னேற்றம் காட்டாத பள்ளிகளுக்குத் தண்டனைகள் இருந்தன. அதன் பின் வந்த ஆண்டுகளில் மதிப்பெண்ணோடு ஆசிரியரின் மதிப்பீட்டையும் ஊக்கத்தொகையையும் இணைக்கும் போக்கு வலுப்பட்டது. பணத்தைக் காட்டினால் ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்துவார் என்ற நம்பிக்கை அந்தக் கொள்கையின் மையத்தில் இருந்தது. எலிசபெத் அந்த நம்பிக்கையை மெய்ப்பிக்கிறாள். பணத்தைக் கண்டதும் பாடம் நடத்துகிறாள். பயிற்சித் தேர்வில் மதிப்பெண் ஏறவில்லை என்றதும் அதே பணத்துக்காகத் திருடவும் செய்கிறாள். பத்திரிகையாளர் வேடமிட்டு, தேர்வைத் தயாரிக்கும் அலுவலரைச் சந்தித்து, அவருடைய பானத்தில் மயக்க மருந்து கலந்து, அலுவலகத்திலிருந்து வினாத்தாளை எடுத்துவருகிறாள்.

இதை மிகையான கற்பனை என்று பலர் ஒதுக்கினார்கள். ஆனால், படம் வெளியாகி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 2011 ஜூலைத் தொடக்கத்தில், ஜார்ஜியா மாநில அரசு அமைத்த விசாரணையின் அறிக்கை வெளியானது. அட்லாண்டா நகரின் 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் மாநிலத் தேர்வு முறைகேட்டில் ஈடுபட்டதாக அது கூறியது. மாணவர்களின் விடைத்தாள்களில் தவறான விடைகள் அழிக்கப்பட்டுச் சரியான விடைகள் குறிக்கப்பட்டிருந்தன. சில ஆசிரியர்கள் வார இறுதியில் ஒன்றுகூடி இதைச் செய்திருந்தார்கள். மதிப்பெண் இலக்கை எட்டினால் பணமும் பாராட்டும், எட்டாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்ற அச்சம் அங்கே நிலவியதாக அறிக்கை விவரித்தது. 2015-இல் அவர்களில் 11 பேர், அமைப்புசார் குற்றங்களுக்கு எதிரான சட்டத்தின் கீழ் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டனர்.

அட்லாண்டாவில் உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்று கேட்டால் விடை தெளிவானது. படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்று தாளில் எழுதிவிட்டால், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் உதவி கிடைக்காமல் போகிறது. 'பேட் டீச்சர்' இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. எலிசபெத்தின் வகுப்பு முதலிடம் பெறுகிறது, பணம் வருகிறது, கதை நகர்கிறது. திருடிய வினாக்களை மனப்பாடம் செய்து முதலிடம் பெற்ற பிள்ளைகளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்ற கேள்வி ஒரு காட்சியில்கூட எழவில்லை. கடுமையாக நையாண்டி செய்திருக்க வேண்டிய இடத்தில் படம் திருட்டின் சாமர்த்தியத்தை ரசித்துக்கொண்டிருக்கிறது. ஆபாசப் பேச்சைவிட இந்த அலட்சியமே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இரண்டாம் வகைக் கருத்துக்கு வருகிறேன். ஒரு பெண் பாத்திரம் சோம்பலாகவும் பேராசையோடும் வெட்கமின்றியும் இருக்கலாம், அதற்காகக் கதை அவளைத் தண்டிக்க வேண்டியதில்லை என்பது நியாயமான கோரிக்கை. 2003-இல் வெளிவந்த 'பேட் சான்டா' படத்தில் பில்லி பாப் தார்ன்டன் குடிகாரத் திருடனாக, கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டுக் குழந்தைகளிடம் எரிந்து விழுபவராக நடித்தபோது, அவருடைய பாத்திரம் சமூகத்துக்கு நல்ல எடுத்துக்காட்டாக இருக்கிறதா என்று யாரும் அதிகம் கவலைப்படவில்லை. எலிசபெத் விஷயத்தில் அந்தக் கவலை உடனே வந்தது. டயஸ் இந்தப் பாத்திரத்தை மன்னிப்புக் கேட்காமல் நடித்திருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பார்வையாளரின் அனுதாபத்தைத் தேடும் சிறு சிரிப்போ, சோகமான இளமைக்காலத்தைப் பற்றிய ஒப்புதலோ அவரிடம் இல்லை. சக ஆசிரியை ஒருவர் அன்போடு பேச வரும்போது அவர் முகத்தில் தெரியும் சலிப்பு மிகத் துல்லியமானது. கண்கள் அசைவதில்லை, உதடு மட்டும் பண்புக்காக ஓரளவு விரிகிறது.

இருந்தாலும், 'பேட் சான்டா'வோடு ஒப்பிட்ட விமர்சகர்கள் 'பேட் டீச்சர்' தாழ்கிறது என்றே பெரும்பாலும் முடிவு செய்தனர். எலிசபெத் முழுக்கக் கெட்டவளாகவும் இல்லை, மனத்தில் இடம்பிடிப்பவளாகவும் இல்லை என்பது அவர்களின் புகார். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஆண், பெண் என்பதல்ல. 'பேட் சான்டா'வில் அந்தக் குடிகாரனை விடாமல் தொற்றிக்கொள்ளும், யாருமற்ற, பருத்த உடல்வாகு கொண்ட சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய முகம், அவனுடைய பிடிவாதம், அவன் கேட்கும் பொருத்தமற்ற கேள்விகள் யாவும் நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இருப்பதால்தான் பெரியவரின் ஒவ்வொரு கீழ்மைக்கும் எடை கூடுகிறது. அதே ஆண்டில் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கிய 'ஸ்கூல் ஆஃப் ராக்' இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அதிலும் ஆசிரியர் ஒரு மோசடிக்காரர். நண்பனின் பெயரில் வேலையில் சேர்ந்து, பாடம் நடத்தாமல், இசைப் போட்டியில் வென்று பரிசுப் பணம் பெறப் பிள்ளைகளைப் பயன்படுத்துகிறார். ஆனால், அந்த வகுப்பில் கிதார் வாசிப்பவன் யார், அவனுடைய அப்பா எப்படிப்பட்டவர், பாடத் தயங்கும் சிறுமி ஏன் தயங்குகிறாள், இசைக்குழுவை நிர்வகிப்பவள் எவ்வளவு கறாரானவள் என்பதெல்லாம் பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆசிரியரின் பொய் வெளிப்படும்போது பிள்ளைகளின் ஏமாற்றம் நம்மையும் தொடுகிறது. 'பேட் டீச்சர்' பார்த்த ஒருவரிடம் அந்த வகுப்பிலிருந்த இரண்டு மாணவர்களின் பெயரைக் கேட்டால் சொல்வது கடினம். பந்து வீசுவதற்கான இலக்குகளாகவும் காரைக் கழுவும் கைகளாகவும் அவர்கள் வந்துபோகிறார்கள்.

விதிவிலக்காக ஒருவன் உண்டு: காரட் என்ற தனிமையான மாணவன். அவனைச் சுற்றிய காட்சிகளில்தான் படம் உயிர்பெறுகிறது. காரட் தன் வகுப்புத் தோழி ஒருத்தியை விரும்புகிறான். கவிதை மனம் கொண்டவன். சக மாணவர்களின் ஏளனத்துக்கு உள்ளானவன். எலிசபெத் அவனுக்குச் சொல்லும் அறிவுரை கொடூரமான நேர்மை கொண்டது. அந்தப் பெண் உன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டாள், காலம் போகப் போக உனக்கு நல்லது நடக்கும், அதுவரை இந்த வீண் ஆசையை விட்டுவிடு என்ற பொருளில் பேசுகிறாள். பள்ளியில் மற்றப் பெரியவர்கள் யாரும் அவனிடம் பேசாத உண்மை அது. அவள் நல்ல ஆசிரியையாக இருக்கும் ஒரே கணமும் அதுதான். அவள் தன் இயல்பை மாற்றிக்கொள்ளாமலேயே அப்படி இருக்கிறாள். ஒரு முழுப் படத்தை இந்த உறவின் மீது கட்டியிருக்கலாம்.

ஆனால், அந்த இழையைக்கூடப் படம் சிக்கலான இடத்துக்குக் கொண்டுபோகிறது. காரட்டின் மானத்தைக் காப்பாற்ற எலிசபெத் தன் உள்ளாடையை அவனிடம் கொடுத்து, அவனுக்கு ஒரு பெண்ணோடு நெருக்கம் ஏற்பட்டதாக மற்ற மாணவர்கள் நம்பும்படி செய்கிறாள். படத்தில் பாலுறவு சார்ந்த செயல்கள் பெரியவர்களுக்கு இடையே மட்டும்தான் நிகழ்கின்றன என்பது உண்மை. எனினும், இந்தக் காட்சியும், குட்டையான கால்சட்டையில் அவள் கார் கழுவுவதை மெதுவான இயக்கத்தில் படமெடுத்து, அதைத் தந்தையரும் மாணவர்களும் வாய்பிளந்து பார்ப்பதாகக் காட்டும் காட்சியும் பலரை நெளியவைத்தன. ஆண் ஆசிரியர் ஒருவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகளின் முன்னிலையில் இப்படி நடந்துகொள்வதாக எழுதியிருந்தால் எந்த ஸ்டுடியோவும் அதை நகைச்சுவையாக வெளியிட்டிருக்காது என்று அவர்கள் கேட்டது சரியான கேள்வி. சிறுவர்கள் என்றால் அவர்களுக்கு இது அதிர்ஷ்டம்தான் என்ற பழைய எண்ணத்தின் மீது அந்தக் காட்சிகள் சாய்ந்து நிற்கின்றன. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான எல்லை பாலினத்தைப் பொறுத்து நகர்வதல்ல. பச்சையான நகைச்சுவையை நான் எதிர்க்கவில்லை. பெரியவர்களின் பாசாங்கைக் கிழிப்பதற்கு அது நல்ல கருவி. ஆனால், பிள்ளைகளை வைத்து அதைச் செய்யும்போது எழுத்தாளருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு.

பெண் விடுதலையின் பார்வையில் படத்தைப் புகழ்ந்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய இன்னொரு பாத்திரமும் இருக்கிறது. எதிர் வகுப்பறையின் ஆசிரியை ஏமி ஸ்குவிரல். லூசி பஞ்ச் என்ற ஆங்கிலேய நடிகை ஏற்ற இந்தப் பாத்திரம் படத்தின் மிகக் கூர்மையான நடிப்பைக் கொண்டது. ஏமி உற்சாகம் ததும்பப் பேசுகிறாள், வகுப்பறையை அலங்கரிக்கிறாள், பிள்ளைகளின் பெயரை அறிந்திருக்கிறாள், ஆண்டுதோறும் உயர்ந்த மதிப்பெண் வாங்கித் தருகிறாள். எலிசபெத் திருடுகிறாள் என்று சரியாகக் கண்டுபிடிப்பவளும் அவளே. அவளுடைய உற்சாகத்துக்கு அடியில் ஒரு வெறியும் இருக்கிறது, பஞ்ச் அதை அழகாக வெளிக்கொண்டுவருகிறார் என்பது மறுக்க முடியாதது. ஆனால், படம் அவளுக்கு வழங்கும் முடிவைப் பாருங்கள். சுற்றுலாவுக்கு முன் எலிசபெத் ஓர் ஆப்பிளின் மீது நச்சுப் படர்கொடியின் சாற்றைப் பூசி ஏமியின் மேசையில் வைக்கிறாள். அதைத் தின்ற ஏமியின் முகமெங்கும் கொப்புளங்கள். ஆசிரியருக்கு மாணவர் தரும் ஆப்பிள் அமெரிக்கப் பள்ளி மரபில் நன்றியின் அடையாளம். அந்த அடையாளமே இங்கே விஷமாகிறது. பிறகு மேசைகள் இடம் மாறிய குழப்பத்தில் எலிசபெத்தின் போதைப்பொருள்கள் ஏமியின் அறையில் கண்டெடுக்கப்படுகின்றன; ஏமி வேறொரு பள்ளிக்கு மாற்றப்படுகிறாள். வினாத்தாள் அலுவலரை மயக்கத்தில் எடுத்த அவமானகரமான படங்களைக் காட்டி மிரட்டி எலிசபெத் தப்பித்துக்கொள்கிறாள்.

ஒரு பெண்ணுக்குக் கெட்டவளாக இருக்கும் சுதந்திரத்தை வழங்குவதற்காக, தன் வேலையை நேசிக்கும் இன்னொரு பெண்ணைப் பைத்தியக்காரியாக்கி வெளியேற்ற வேண்டியிருந்தது. அதிலும், பணக்காரக் கணவனுக்காக உடலைத் திருத்திக்கொள்ள நினைப்பதே கதையின் இயந்திரம். ஆறு வாரங்களுக்கு முன் வெளியான 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' படத்திலும் இரண்டு பெண்கள் மோதிக்கொள்கிறார்கள். அங்கேயும் கொச்சையான காட்சிகளுக்குக் குறைவில்லை. ஆனால், கிறிஸ்டன் விக் தன் கூட்டாளியோடு எழுதிய அந்தத் திரைக்கதை எதிராளியாக வரும் பெண்ணின் தனிமையையும் நமக்குக் காட்டியது. 'பேட் டீச்சர்' படத்தின் எழுத்தாளர்களான ஜீன் ஸ்டுப்னிட்ஸ்கியும் லீ ஐசன்பெர்கும் 'தி ஆபீஸ்' தொலைக்காட்சித் தொடரில் பணியாற்றியவர்கள். பணியிடத்தில் இருவருக்கிடையே நிலவும் சில்லறைப் பகையை நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்கள் என்பது இந்தப் படத்தின் ஆசிரியர் ஓய்வறைக் காட்சிகளிலேயே தெரிகிறது. அந்த நுணுக்கத்தை அவர்கள் ஏமிக்கு முழுதாக வழங்கவில்லை.

துணிவிழந்த படம் என்ற மூன்றாவது கருத்து முடிவைப் பற்றியது. எலிசபெத் அறுவை சிகிச்சையைக் கைவிடுகிறாள். பணக்கார ஸ்காட்டை விட்டுவிட்டு, ஜேசன் சீகல் நடித்த உடற்பயிற்சி ஆசிரியர் ரஸ்ஸலைத் தேர்ந்தெடுக்கிறாள். அடுத்த கல்வியாண்டில் மாணவர் ஆலோசகராகப் பதவி ஏற்கிறாள். திருந்தினாளா, திருந்தவில்லையா என்பதைப் படம் தீர்மானிக்கவில்லை. திருந்தாதவளாகவே விட்டிருந்தால் கசப்பான நையாண்டியாகியிருக்கும். திருந்தியிருந்தால் வழக்கமான படமாகியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்றதால் இரு தரப்பாரும் ஏமாந்தனர். ஆலோசகர் பதவி அவளுக்குப் பொருத்தமானது என்று நம்பவைக்கக் காரட்டுடனான ஓரிரு உரையாடல்கள் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவையும் போதுமான அளவுக்கு வளர்க்கப்படவில்லை.

படத்தின் வெற்றியை நம்பி சி.பி.எஸ். நிறுவனம் 2014-இல் அதே பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியது. மூன்று பகுதிகள் ஒளிபரப்பான நிலையிலேயே அது கைவிடப்பட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு கெட்ட ஆசிரியையைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. வாரந்தோறும் அவளோடு இருக்க வேண்டுமானால் அந்தப் பள்ளியில் வேறு மனிதர்களும் இருந்தாக வேண்டும்.

அந்தத் தேவையைச் சரியாகப் புரிந்துகொண்டு வந்தது 2021 டிசம்பரில் தொடங்கிய 'அபாட் எலிமென்டரி' என்ற தொடர். ஃபிலடெல்பியாவின் அரசுப் பள்ளி ஒன்றில் நடக்கும் அந்தக் கதையை உருவாக்கிய க்வின்டா ப்ரன்சனின் தாயார் அந்நகரிலேயே ஆசிரியையாக இருந்தவர். அதில் ஜனைன் என்ற இளம் ஆசிரியை உற்சாகம் மிக்கவள், சற்றே தொல்லை தருபவள், விதிகளையும் அலங்காரங்களையும் நம்புபவள். ஏறக்குறைய ஏமி ஸ்குவிரலின் அச்சு. இந்த முறை கதை அவளுடைய பக்கம் நிற்கிறது. தலைமையாசிரியை ஏவா எலிசபெத்தின் அச்சு: தன்னைப் பற்றியே நினைப்பவள், பள்ளி அதிகாரி ஒருவரின் இரகசிய உறவைக் கண்டுபிடித்து மிரட்டிப் பதவியைப் பெற்றவள். முதல் பகுதியிலேயே வகுப்பறைகளுக்குப் புதிய தரைவிரிப்பு வாங்க வந்த பணத்தில் தன் முகம் பொறித்த பெயர்ப் பலகையை வைத்துக்கொள்கிறாள். பழைய விரிப்பு நாசமாகிவிட்டது. அதன் மீது உட்கார வேண்டிய, படுத்துறங்க வேண்டிய சிறு பிள்ளைகள் நம் கண் முன்னே இருக்கிறார்கள். ஏவாவைப் பார்த்து 'பேட் டீச்சர்' எழுப்பிய அதே சிரிப்பைத்தான் சிரிக்கிறோம், ஆனால் அவள் எடுத்துக்கொண்டது யாருடைய பங்கு என்பதை இந்தத் தொடர் மறைப்பதில்லை.